நன்றாகச் சுட்ட டிரில் வாத்தியார்

அடுத்தவர் பேச்சை எழுதலாமா என்று பல வருஷம் தயங்கினேன். மீனாட்சி மேல் பாரத்தைப் போட்டு எழுதுகிறேன்.

யுத்த காலம். சமயநல்லூரிலிருந்து மதுரை வந்த ரயிலில், எதிரே ஒரு டிரில் வாத்தியாரும் அவர் தங்கை புருஷனும். படையில் சேரும் தொண்டர்களுக்குத் துப்பாக்கி சுடப் பழக்கப்போகிறவர்களுக்கான சனி, ஞாயிறு பயிற்சி முடித்து வாத்தியார் திரும்பிக்கொண்டிருந்தார்.

"நல்லாச் சுட்டுட்டேன் மாப்ள. அதான் அழுகை வருது."

"இதென்ன கூத்து மச்சான்!"

"நல்லாச் சுட்டவன்னு பழக்குற வேலைய எனக்குக் குடுத்துட்டாக. வார சனிக்கிழமை எங்கிட்டப் பழக உன் மகன் வாரான். சுடத் தெரிஞ்சவனைச் சண்டைக்கு அனுப்பிருவாக. சரியாத் தெரியாமப் போனவன் திரும்பி வாரதில்ல. நான் என்ன செய்ய?"

வைகைப் பாலம் வந்ததும் மற்றவர் வாத்தியார் பக்கம் நெருங்கி உட்கார்ந்தார்.

"நல்லாவே பழக்குங்க. உங்க தங்கச்சிகிட்ட மட்டும், அவனுக்குக் குறி பார்க்கவே வரலைன்னு சொல்லிருங்க மச்சான்."

கேட்டதைக் கேட்டபடி எழுதிவிட்டேன். நீங்களும் ஒரு சொல் கூட்டாமல், குறைக்காமல் நாலு பேருக்குச் சொல்லுங்கள்.