மார்ச் நாலில் தொங்கும் கோட்டு

இல்லம்மா, நீ ரசீதை எத்தனை தடவ நீட்டினாலும் எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். உன் கோட்டு மார்ச் நாலுல தொங்குது. சிரிக்காதே! நானா சொல்றேன்? இந்தக் கம்ப்யூட்டர் சொல்லுது. எட்டிப் பாரு... உன் பேரு, போன் நம்பரு, 'கறுப்புக் கோட்டு, ஒண்ணு'. எல்லாம் சரியா இருக்கா? எந்த இடம்னு இருக்க வேண்டிய கட்டத்துல மட்டும் மார்ச் நாலு!

நான் தேதியா போட்டேன்? முதல்ல கம்பி நம்பர், நடுவுல ஒரு கோடு, அப்புறம் கொக்கி நம்பர். நம்ம லாண்டரில பன்னெண்டு கம்பி, கம்பிக்கு முப்பது கொக்கி. அஞ்சு-ஏழுன்னா அஞ்சாவது கம்பி, ஏழாவது கொக்கி. பதினோரு வருஷமா கண்ணை மூடிட்டு எடுத்துக் குடுத்தவ நான். இப்ப பாரு, ரெண்டு-முப்பதுல போட்ட ஒருத்தரோட போர்வை ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பது பிப்ரவரியில தொங்குது. நானே பொறக்காத காலம்மா அது!

என்ன... பதினோரு மணிக்கு இன்டர்வியூவா? இப்ப மணி பத்தேகால்தானே. அட, இருக்குது நேரம். ஏங்க! இந்தப் பொண்ணுக்கு இன்டர்வியூவாம்! ... காதுல விழாது. இஸ்திரிப் பெட்டி கையில இருந்தா எங்க வீட்டுக்காரருக்கு உலகமே கிடையாது.

எல்லாத்துக்கும் காரணம் எங்க மாப்பிள்ளை. மாப்பிள்ளையைக் குறை சொல்லக் கூடாது... ஆனா சொல்லாம இருந்தா எனக்கு நெஞ்சு அடைச்சிடும். தங்கமான மனுஷன். என் பொண்ணு கத்துற கத்துக்கு ஒரு வார்த்தை திருப்பிப் பேச மாட்டாரு. போன மாசம் வந்தவரு, "அத்தை, கடையில இருக்கிற சாப்ட்வேர் பழசாயிடுச்சு, இலவசமா ஒண்ணு போட்டுத் தரேன்"னாரு. இலவசம்னா நான் வேண்டாம்னா சொல்லுவேன்? வீட்டுல பழசு, கடையில புதுசு. ராத்திரிச் சோறு ஆக்குற நேரத்துல பாதி துணி லிஸ்டை வீட்டுல அடிப்பேன், மீதியை இங்க.

அங்கதான் வினை. எந்த வகையில சேமிக்கிறதுன்னு கேக்குதே! எக்ஸ்.எல்.எஸ்.எக்ஸ்னு ஒண்ணு. அதைப் போட்டா கடைக் கம்ப்யூட்டர் ஒவ்வொரு தடவையும் "இதே வகைதானா, நிச்சயமா?"ன்னு கேக்கும். மாமியார் கூட என்னை அவ்வளவு கேள்வி கேட்டதில்ல. ஓ.டி.எஸ்னு இன்னொண்ணு. அதை வீட்டுல திறந்தா "கோப்பில் கோளாறு, பழுது பார்க்கட்டுமா?"ங்குது. உடனே மூடிட்டேன். மூணாவதா சி.எஸ்.வி. வீட்டுலயும் திறந்துச்சு, கடையிலயும் திறந்துச்சு, ஒரு முணுமுணுப்பு இல்ல. அடடா, நல்ல பிள்ளைன்னு நெனச்சேன். நல்ல பிள்ளை! கோடு போட்ட நம்பரையெல்லாம் தேதியாக்கி வச்சுட்டு வாயே திறக்காம உக்காந்திருக்கு.

என்ன கேட்ட? ஆமா, மார்ச் மூணாவது மாசம், அப்போ மூணு-நாலுதானேன்னு கேக்குறியா? அவ்வளவு லேசா இருந்தா நான் ஏம்மா புலம்பறேன்? வீட்டுக் கம்ப்யூட்டர் மாசத்தை முதல்ல வச்சுப் படிக்குது, கடைக் கம்ப்யூட்டர் நாளை முதல்ல வச்சுப் படிக்குது. உன் கோட்டை நான் எங்க உக்காந்து அடிச்சேன்னு யாரு கண்டா? மூணாவது கம்பி நாலாவது கொக்கியா இருக்கலாம், நாலாவது கம்பி மூணாவது கொக்கியா இருக்கலாம். ரெண்டுல ஒண்ணு. எதுன்னு தெரிஞ்சா, அன்னிக்கு அதே இடத்துல உக்காந்து அடிச்ச அத்தனை துணியையும் நேராக்கிடுவேன்.

ம்... ம்... நீயே தேடிப் பாக்குறியா? அந்தப் பக்கம்தான் கம்பியெல்லாம். கதவுகிட்ட தலை இடிக்கும், பாத்து. பாரேன், நான் ஒரு நிமிஷத்துல வரேன்.

மாப்பிள்ளை மத்தியானம் வராரு. இன்டர்வியூ முடிச்சுட்டு நீ இங்க வந்து சொல்லணும்மா, கம்ப்யூட்டரே தானா மாத்திக்கிச்சுன்னு. நீ படிச்ச பொண்ணு, நீ சொன்னா நம்புவாரு. ஏன்னா... சரி, உன்கிட்ட சொல்றதுக்கென்ன. அவரு போறப்பவே சொன்னாருதான். "அத்தை, எதுல வேணா சேமிங்க, சி.எஸ்.வி மட்டும் வேண்டாம். இது எழுத்து, தேதி இல்லன்னு நான் அந்தக் கட்டத்துக்குச் சொல்லி வச்சிருக்கேன், அது அழிஞ்சிடும்"னு. நான்தான் ஊம் கொட்டிட்டுத் துணி எண்ணிட்டிருந்தேன். கம்ப்யூட்டரும் ஒரே ஒரு தடவ கேட்டுச்சு, "சில விவரம் போயிடும், பரவாயில்லையா?"ன்னு. கலர்தான் போகும்னு நெனச்சு ஆமான்னுட்டேன். கீழ "இனிமே கேக்காதே"ன்னு ஒரு கட்டம் இருந்துச்சு. அதுலயும் டிக்கு. எனக்குக் கேள்வி கேட்டா பிடிக்காதும்மா.

இதை என் பொண்ணுகிட்ட மட்டும் சொல்லிடாதே. மூணு வாரமா அவரைத் திட்டித் தீர்த்திருக்கேன், அவளும் என்கூடச் சேர்ந்து... ஏம்மா? கேக்குதா? கோட்டு கிடைச்சுதா?

ஏங்க, அந்தப் பொண்ணு எங்க? ... என்னது, கோட்டைப் போட்டுக்கிட்டுப் பின் வாசல் வழியா ஓடிடுச்சா? உங்ககிட்ட ரசீதைக் குடுத்துட்டா? அப்பாடா, கிடைச்சுடுச்சு பாரு! நல்லா இருக்கட்டும், வேலை கிடைக்கட்டும்.

எந்தக் கம்பியில இருந்து எடுத்தா? ... பாக்கலையா? பக்கத்துலதானே நின்னீங்க! இப்ப அந்த ரெண்டு கொக்கியுமே காலியா இருக்கே!

ஏய் பொண்ணே! கொஞ்சம் நில்லும்மா! மூணா, நாலா? அதை மட்டும் சொல்லிட்டுப் போ!