ஜெபக்குறிப்பில் வெளியான புறப்பாட்டுத் தேதி தொடர்பாக

இன்பமலர் தேவநாயகம் ஆகிய நான், வயது ஐம்பத்தெட்டு, டென்மார்க்கின் பிராண்டே நகரில் வசிப்பவள், காற்றாலை இறக்கைகள் செய்யும் தொழிற்சாலையொன்றின் சமையற்கூடத்தில் பணிபுரிபவள், 2025 நவம்பர் 14 வெள்ளிக்கிழமை முற்பகல், விசாரணை அதிகாரியின் முன்னிலையில், மொழிபெயர்ப்பாளர் அருகிலிருக்க, என் சொந்த விருப்பின் பேரில் தமிழில் கூறுவதாவது: கடந்த செவ்வாய்க்கிழமை இதே விடயத்தில் நான் கொடுத்த வாக்குமூலத்தின் ஒரு பகுதி உண்மையன்று. அதைத் திருத்தவே வந்துள்ளேன்.

என் ஒரே மகன் ஜோனாஸ், வயது இருபத்து நான்கு, டென்மார்க் தரைப்படையின் பீரங்கிப் படையணியொன்றில் ட்ரோன் இயக்குபவன். அவன் சேர்ந்த பின்னர் அப்படையணியின் வரலாற்றை நூலகத்தில் டேனிஷ் நூல்களிலிருந்து நானே வாசித்து அறிந்தேன். முற்காலத்தில் பீரங்கிகளைக் குதிரைகள் இழுத்தன. பிற்பாடு மேட்டு நிலத்தில் ஒருவர் தொலைநோக்கியுடன் படுத்திருந்து, எறிகணை எங்கு விழுந்தது, அடுத்தது எங்கு விழவேண்டும் என அறிவித்தார். இப்போது அவ்வறிவிப்பை மேலிருந்து ட்ரோன் கொடுக்கிறது. இலங்கைப் போரின்போது வன்னியில் அதற்கு வண்டு என்று பெயர். வண்டு சுற்றிவிட்டுப் போனால் பத்து நிமிடத்தில் எறிகணை வரும் என்று என் தங்கை 2009 பெப்ரவரியில் தொலைபேசியில் கூறினாள். அதுவே அவளுடைய கடைசி அழைப்பு. இதை நான் மகனிடம் கூறியதில்லை.

நவம்பர் 2 ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வீட்டில் உணவருந்துகையில், தன் அணி கிழக்கே ஒரு நாட்டுக்கு அனுப்பப்படுவதாக மகன் கூறினான். எங்கே, என்றைக்கு, எத்தனை பேர் என்று மூன்று முறை கேட்டேன். இரண்டு முறை டேனிஷில் மறுத்தான். மூன்றாம் முறை நான் சாப்பாட்டை வைத்துவிட்டு எழுந்ததனால், முகாம், நாள், மணி, ஆட்களின் தொகை, ட்ரோன்களின் தொகை ஆகியவற்றைச் சொன்னான். அவ்விவரங்களை இங்கு மீண்டும் எழுதவில்லை. "ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ, அம்மா" என்றான். "நான் ஆருக்கடா சொல்லப்போறன்?" என்றேன்.

எங்கள் சபையில் பயணம், சத்திரசிகிச்சை, விசா முதலியவற்றுக்கு ஜெபக்குறிப்பு எழுதிக் கொடுப்பது வழக்கம். இடமும் நாளும் மணியும் அதில் இருக்கவேண்டும். அந்த மணிக்கே சபையார் முறைவைத்து உபவாசமிருந்து ஜெபிப்பர். அதன்படி நவம்பர் 5 புதன்கிழமை, படையணியின் வரலாற்றையும் பணியையும் முன்னுரையாக வைத்து, மகன் சொன்ன அனைத்தையும் அதன்கீழ் ஒழுங்காக எழுதி, சபையின் வாட்ஸ்அப் குழுவை நடத்தும் மிரியத்திடம் கொடுத்தேன். அவர் சிரித்து, "அக்கா, எத்தனை ட்ரோன் எண்டு ஆண்டவருக்கு எண்ணத் தெரியாதோ?" என்றார். "அவருக்குத் தெரியும். ஜெபிக்கிறவைக்குத் தெரியோணும்" என்றேன். அவர் அனுப்பினார். ஆண்டவரிடம் சொல்வதை வெளியே சொல்வதாக நான் கருதவில்லை.

அதன் பின்னர் அக்குறிப்பு ஓகூஸ், லண்டன், டொரொன்டோ சபைகளுக்குச் சென்று, சனிக்கிழமை எவரென்று அறியாத ஒருவரின் பேஸ்புக் பக்கத்தில் ஆங்கிலத்தில் வெளியாயிற்று. புறப்பாடு நிறுத்தப்பட்டது. செவ்வாய்க்கிழமை அதிகாரி என்னை விசாரித்தபோது, மகனின் சீருடையைத் துவைக்க எடுக்கையில் பையிலிருந்த காகிதமொன்றைக் களவாக வாசித்ததாகக் கூறினேன். அது பொய். காகிதம் எதுவும் இருக்கவில்லை. இப்பொய்யை எவரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

நேற்று மாலை மகன் அழைத்தான். அக்காகிதத்தைத் தேடி, ஆவணங்களுக்குப் பொறுப்பான சார்ஜன்ட் மரினாவைப் பணியிலிருந்து இடைநிறுத்தியிருப்பதாகக் கூறினான். "இல்லாத பேப்பரை அவ எங்க இருந்து காட்டுறது, அம்மா?" என்று கேட்டான். "நீ வாய் திறவாமல் இரு, உன்னை விட்டிடுவாங்கள்" என்றேன். அதன் பின்னர் அவன் டேனிஷில் மட்டுமே கதைத்தான். திங்கட்கிழமை தானே சென்று உண்மையைச் சொல்வதாகக் கூறித் தொலைபேசியை வைத்துவிட்டான்.

இன்று காலை என் கணவர், "உண்மையைச் சொன்னால் பெடியனுக்கு வேலை போகும்" என்றார். ஓம் என்றேன். "சொல்லாட்டில்?" "அந்த சார்ஜன்ட் பெட்டைக்குப் போகும்" என்றேன். அவர் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுக் காரை எடுத்தார்.

மகனுக்கு எதிராகச் சாட்சி சொல்லும் கடமை தாய்க்குச் சட்டப்படி இல்லையென அதிகாரி எடுத்துரைத்தார். அறிவேன் என்றேன். இதனால் அவன் அப்பணிக்குத் திரும்ப இயலாமற் போகலாம் என்பது விளங்குகிறதா என்று கேட்டார். விளங்குகிறது என்றேன். அவனுக்குச் சாதகமாக எதையேனும் சேர்க்க விரும்புகிறேனா என்றும் கேட்டார். எனக்குச் சொல்ல நிறைய உண்டு. ஒருமுறை பொய் சொன்னவளின் நற்சான்று அவனுக்கு உதவாது என்பதால் எதையும் சேர்க்கவில்லை.

மேற்கண்டவை டேனிஷிலும் தமிழிலும் எனக்கு வாசித்துக் காட்டப்பட்டன. இம்முறை நான் எதையும் கூட்டவுமில்லை, மறைக்கவுமில்லை என உறுதி கூறிக் கையொப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) தே. இன்பமலர்