தெற்கு வயலில் புதைத்த கரி

பொன்செல்வி: மண்வெட்டியக் குடுங்க அண்ணாச்சி. வயல்ல ஒரு இடம் கிண்டிப் பாத்துட்டு வந்துருதேன்.

இசக்கிதுரை: இப்பத்தான வந்திருக்க... காப்பியக் குடி பிள்ள. வயலு எங்கயும் ஓடியா போவுது?

பொன்செல்வி: சாயங்காலம் கம்பெனிக்காரங்க வருவாங்க. நான் உங்க அரிசி மில்லுல வச்ச பாய்லர்ல விழுந்த கரி, மண்ணுக்குள்ள இருக்கான்னு தோண்டிப் பாப்பாங்க.

இசக்கிதுரை: கரியப் புதைச்சா காசு குடுக்க ஒரு கம்பெனி! நல்லா இருக்கு கூத்து.

பொன்செல்வி: கேலி பண்ணாதிய. பாய்லர்ல போடுத உடமரம் காத்துலேருந்து இழுத்த கரியமில வாயு, கரியா மண்ணுக்குள்ளயே கிடக்கணும். திரும்ப எரிச்சா புகையாப் போயிரும். அவங்க கையெழுத்துப் போட்டுக் காசு குடுத்தாத்தான் அம்பாசமுத்திரம் மில்லுக்காரங்களுக்குப் பாய்லர் விலையக் குறைச்சுக் குடுக்க முடியும். இல்லன்னா நான் கடைய மூட வேண்டியதுதான்.

இசக்கிதுரை: மூடவும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். கரி பூராவும் தெக்கு வயல்ல இருக்கு.

பொன்செல்வி: பூராவுமா?

இசக்கிதுரை: சொன்னா நம்பணும்.

பொன்செல்வி: மாசி மாசத்துக் கரியுமா?

இசக்கிதுரை: ...அதுவுந்தான்.

பொன்செல்வி: இஸ்திரி போடுத கொம்பையா பெட்டிக்குள்ள அந்தக் கரி கங்கா கனிஞ்சு கிடந்துச்சே... பக்கத்துல நம்ம சாக்கு வேற.

இசக்கிதுரை: நான்தான் அள்ளிட்டுப் போகச் சொன்னேன் தாயி. அம்புட்டு நல்ல கரி, மண்ணுல போட மனசு வரல. நீ சொன்னது அப்புறந்தான் மண்டைல உறைச்சுது.

பொன்செல்வி: அப்ப அதுக்குப் பதிலா வயல்ல இருக்கது?

இசக்கிதுரை: விளாத்திகுளம் பக்கம் கரிமூட்டம் போடுதவங்ககிட்ட ஒரு லாரி வாங்கிப் புதைச்சேன்.

பொன்செல்வி: அய்யோ... அது ஊரெல்லாம் புகைய விட்டுச் சுட்ட கரிலா!

இசக்கிதுரை: அதுவும் கறுப்பாத்தான இருக்கு! இங்க பாரு பிள்ள... பழைய பாய்லரோட உமிப்புகையில எங்க வீட்டுக்காரி மூச்சுக்குத் தவிச்ச தவிப்பு எனக்குத்தான் தெரியும். உன் பாய்லர் வந்த பொறவு நிம்மதியாத் தூங்குதா. உன்னய விட்டுக் குடுப்பனா?

பொன்செல்வி: மாஞ்சோலை எஸ்டேட்டுலேருந்து இறங்கி வந்து மில்லு மில்லா அலஞ்சேன். எல்லாரும் கேட்டச் சாத்தினாங்க. நீங்கதான் ‘கொண்டா, பாப்போம்’னிய.

இசக்கிதுரை: அதெல்லாம் இருக்கட்டும். அவங்க வந்தா நான் பேசிக்கிடுதேன். நீ வாயத் தொறக்காத.

பொன்செல்வி: சாயங்காலம் வருவாங்கன்னது சும்மா, ஒருத்தரும் வர மாட்டாங்க. கொம்பையாவுக்குப் போன கரியப் பத்தி நானே அவங்ககிட்டச் சொல்லிட்டேன். அத மட்டும் கழிச்சுட்டு, மிச்சத்துக்குக் கையெழுத்துப் போட்டுட்டாங்க. அதச் சொல்லத்தான் வந்தேன் அண்ணாச்சி... நீங்க எனக்காகப் பொய் சொல்லுதத இன்னும் கொஞ்ச நேரம் கேக்கணும்போல இருந்துச்சு.