பியலைத் தாண்டி வந்தோம்

ஓடுகிறோம். அம்மாவின் இடுப்பில் தங்கை கலா. என் கையில் ஒன்றும் இல்லை. காலில் செருப்பும் இல்லை. முன்னால் முள்கம்பி வேலி. பின்னால் கண்ணாடி உடைகிற சத்தம். கடைக்குக் கடை நெருங்கி வருகிறது.

"கடை பத்துது! நிக்காதீங்க! பின்னால ஓடுங்க!"

அண்ணன் சந்திரனின் குரல். எங்களைக் கொல்லைக்குத் தள்ளிவிட்டு அவன் திரும்பிப் போகிறான். அப்பா இன்னும் முன்கடையில் இருக்கிறார்.

இலங்கை மலையகத்தில் பதுளை. ஆண்டு எண்பத்து மூன்று. ஜூலைக் கடைசி வாரம், புதன்கிழமை. கொழும்பில் தமிழர் வீடுகளை எரிக்கிறார்கள் என்று திங்கட்கிழமையே செய்தி வந்துவிட்டது. மலைக்கு வராது என்றார் அப்பா. அவர் பெயர் முத்தையா. தையல்காரர். முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. அன்று காலையும் மெஷினில் உட்கார்ந்தார். ஒரு சிங்களப் பெண்ணுக்குக் கல்யாண ரவிக்கை. வெள்ளிக்கிழமை கொடுப்பதாகச் சொல்லியிருந்தார்.

எனக்குப் பதினாலு வயது.

வேலிக்கு அந்தப் பக்கம் சோமாவதி நிற்கிறாள். அடுத்த வீட்டுச் சிங்களப் பெண். ஆஸ்பத்திரியில் ஆயா வேலை. கம்பியை ஒரு காலால் மிதித்து, மேல் கம்பியைக் கையால் தூக்கிப் பிடித்திருக்கிறாள்.

"என்ன! இக்மன்ட என்ன!"

சிங்களத்தில் 'என்ன' என்றால் 'வாருங்கள்'. சீக்கிரம் வாருங்கள். நுழைந்தோம். அம்மாவின் சேலை கம்பியில் மாட்டியது. சோமாவதி அதைக் கிழித்து விட்டாள். தன் முந்தானையில் எச்சில் தொட்டு அம்மாவின் நெற்றிப் பொட்டை அழித்தாள். என் பொட்டையும் அழித்தாள். அடுப்படிக்குப் பின்னால் விறகுக் கொட்டில். உள்ளே தள்ளிப் படலைச் சாத்தினாள்.

இருட்டு. ஈர விறகின் வாசம். மண்ணெண்ணெய் வாசம் எங்கிருந்தோ வந்தது. தகரம் வெடிக்கும் சத்தம். அது எங்கள் கூரையா, பக்கத்துக் கூரையா, தெரியவில்லை. கலா அழ வாயைத் திறந்தாள். அம்மா உள்ளங்கையால் பொத்தினாள்.

பிறகு வாசலில் காலடிகள். நிறையப் பேர்.

"தெமளு இன்னவாத?"

தமிழர்கள் இருக்கிறார்களா?

"நே!"

இல்லை. சொன்னது சோமாவதியின் மகன். பெயர் பியல். பதினேழு வயது. சந்திரனோடு கிரிக்கெட் விளையாடுகிறவன். அப்பா தைத்த கால்சட்டையைத்தான் அன்றும் போட்டிருந்தான். வாசலை மறித்து நின்றிருக்கிறான். நாங்கள் அதைப் பார்க்கவில்லை. சத்தம்தான் காதில் விழுந்தது. மறுபடி கேட்டார்கள். மறுபடி நே என்றான். இரும்பு எதன் மீதோ விழுந்தது. மண்பானை உடைவது போல ஒரு சத்தம். பியல் கத்தவில்லை. சோமாவதி கத்தினாள்.

தெருவில் யாரோ விசில் அடித்தார்கள். சாராயக் கடையை உடைத்துவிட்டார்களாம். கூட்டம் அந்தப் பக்கம் ஓடியது. வீட்டுக்குள் வந்து தேடவில்லை.

சாயங்காலம் பட்டாளத்து லாரி வந்தது. மிஞ்சிய தமிழர்களை ஏற்றினார்கள். சோமாவதி படலைத் திறந்தாள். எங்களைப் பார்க்கவில்லை. கையால் மட்டும் வாசலைக் காட்டினாள். கொல்லைப் பக்கம் இன்னும் எரிந்தது; தெருவுக்குப் போக அந்த வீட்டு வாசல் ஒன்றுதான் வழி. நிலைப்படிக்குக் குறுக்கே பியல் கிடந்தான். தலைக்கடியில் மடித்த துணி. துணி கறுத்திருந்தது. மூச்சு இருந்தது. நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்தேன்.

அம்மா அவனைத் தாண்டினாள். கலாவைத் தூக்கித் தாண்ட வைத்தாள். நான் தாண்டினேன். என் பாவாடை அவன் கையில் உரசியது.

குனிந்து அவனைத் தொட்டிருக்கலாம். சோமாவதியிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். லாரியின் ஹாரன் விடாமல் அடித்தது. ஓடினோம்.

எங்கள் வீடு இருந்த இடத்தில் சுவர்கள் நின்றன. கடையின் இரும்புக் கதவு கீழே இறக்கியபடி இருந்தது. உள்ளே யாரும் உயிரோடு இருக்க முடியாது என்று லாரியிலிருந்த ஒருவர் சொன்னார். அம்மா கேட்காததுபோல் இருந்தாள்.

அகதிகளை ஒரு பள்ளிக்கூடத்தில் வைத்தார்கள். சனிக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து மருந்து கட்ட வந்த ஒருவர் சொன்னார். சோமாவதியின் பையன் வியாழக்கிழமையே செத்துப்போய்விட்டான். தமிழரை ஒளித்தவள் என்று அவள் வீட்டுக்கும் நெருப்பு வைத்துவிட்டார்கள். அவள் எங்கே போனாள் என்று அவருக்குத் தெரியவில்லை.

அன்றைக்கு அம்மா என் தோளைப் பிடித்து உலுக்கிச் சொன்னாள். "அந்தப் பேரைச் சொல்லாதே. சொன்னா அவன் மூஞ்சி வருது."

சொல்லவில்லை.

கப்பலில் ராமேஸ்வரம். மண்டபம் முகாம். அங்கிருந்து ஏற்காடு. மாமா ஒருவர் முன்பே வந்து கொட்டச்சேடு பக்கம் எஸ்டேட்டில் வேலை பார்த்தார். இலங்கையில் தேயிலை கிள்ளிய குடும்பங்கள் இங்கே காப்பிப் பழம் பறித்தன. எங்களைப்போல் வந்தவர்கள் அந்த லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், நிறைய. ஊர்க்காரர்களுக்கு நாங்கள் சிலோன்காரர்கள். அங்கே எங்களைத் தமிழர் என்று அடித்தார்கள். இங்கே பள்ளியில் பிள்ளைகளுக்குச் சாதிச் சான்று கேட்டபோது, நீங்கள் இந்த ஊரே இல்லையே என்றார்கள்.

நாற்பது வருஷம் தாண்டிவிட்டது. இன்னும் எங்கள் லயத்தில் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. காப்பிச் செடியைக் கவாத்து வெட்டிக் குச்சிகளை எரிக்கும்போது வயதானவர்கள் வீட்டுக்குள் போய்விடுவார்கள். புதிதாய் வீடு கட்டுகிறவர்கள் முதலில் பின்வாசலுக்கு இடம் பார்ப்பார்கள். காரணம் கேட்டால் காற்றோட்டம் என்பார்கள். பேரப்பிள்ளைகளும் அப்படியே சொல்கிறார்கள். கலா கல்யாணமாகிக் குப்பனூரில் இருக்கிறாள். அன்று நடந்தது எதுவும் ஞாபகம் இல்லை என்கிறாள். பல் வைத்தியர் வாயருகே கை கொண்டுபோனால் மயங்கி விழுகிறாள்.

எனக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும். யாரிடமும் பேசியதில்லை. என் பிள்ளைகளுக்கே தெரியாது.

ஒவ்வொரு ஜூலையும் மாரியம்மன் கோயில் முற்றத்தில் விளக்கேற்றுவோம். செத்தவர் ஒவ்வொருவருக்கும் ஒன்று. செத்தவரின் வீட்டார் பெயர் சொல்லி ஏற்ற வேண்டும். நான் அப்பா பெயரைச் சொல்வேன். அண்ணன் பெயரைச் சொல்வேன். உட்கார்ந்துவிடுவேன். அம்மா இருந்தவரை என் பக்கம் திரும்பமாட்டாள். போன மார்கழியில் அம்மா போய்விட்டாள்.

இந்த ஜூலை. மலைமேல் மஞ்சு இறங்கி, சாரல். விளக்குகள் அணையாமலிருக்கத் தகரத்தால் மறைத்திருக்கிறோம். அப்பாவுக்கு ஏற்றினேன். அண்ணனுக்கு ஏற்றினேன். மூன்றாவது விளக்கை எடுத்தேன். எண்ணெய் சிந்தியது.

"பியல். சோமாவதி மகன்."

முனியாண்டி அண்ணன் எழுந்தார். மாத்தளையிலிருந்து வந்தவர். எண்பத்து மூன்றில் மனைவியும் கைக்குழந்தையும் அவர் கண் முன்னாலேயே எரிந்தார்கள்.

"சிங்களவன் பேரா? இங்கயா? என் புள்ள விளக்குக்குப் பக்கத்திலயா வைக்கிற?"

அவருடைய குழந்தையை ஒளித்து வைக்க அங்கே ஒரு சோமாவதி இல்லை.

ராமாயி அக்கா என் பக்கத்தில் இருந்தார். தலைச்சோலைக்காரர். இந்த மலையிலேயே பிறந்தவர். என்னோடு காப்பி பறித்தவர். எங்கள் கதை எதுவும் அவருக்கு முழுதாகத் தெரியாது.

"ஏனுங்க, அந்தப் பையன் யாருங்க? உங்க ஊட்டு ஆளுங்களா?"

அப்போதுதான் சொன்னேன். முழுதாகச் சொன்னேன். வேலி, கொட்டில், அவன் சொன்ன நே, அந்தச் சத்தம். நிலைப்படியில் அவன் மூச்சு விட்டுக்கொண்டு கிடந்தான் என்பதை. நாங்கள் அவனைத் தாண்டி லாரிக்கு ஓடினோம் என்பதை. வாசலில் நின்றது அவன். பிழைத்தது நான். என் இரண்டு பிள்ளைகளும் நாலு பேரப்பிள்ளைகளும் அந்த வாசலால் வந்தவர்கள். அவன் அம்மாவுக்கு ஒரே மகன். அவளை நாங்கள் தேடவில்லை. தேடினால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும்.

"அடக் கடவுளே," என்றார் ராமாயி அக்கா. "இத நொம்ப வருசமா மனசுக்குள்ளயே வெச்சிருந்தீங்களா சாமி."

முனியாண்டி அண்ணன் தன் இரண்டு விளக்குகளையும் எடுத்தார். முற்றத்தின் மறுகோடிக்குக் கொண்டுபோய் வைத்தார். எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் தள்ளிப் போனதும் நான் அழுதேன். ஏற்றியது சரியென்று தோன்றியது. அவரை நோகடித்ததும் நான்தான் என்றும் தோன்றியது. இரண்டும் அப்படியே இருக்கின்றன.

இழந்தவை. ஒரு கடை. ஒரு வீடு. ஒரு தையல் மெஷின். பாதி தைத்த ஒரு ரவிக்கை. பேச மறுத்து நான் விட்டுவிட்ட ஒரு மொழி.

இழந்தவர்கள். முத்தையா, தையல்காரர், என் அப்பா. உடல் கிடைக்கவில்லை. சந்திரன், பத்தொன்பது வயது, என் அண்ணன். உடல் கிடைக்கவில்லை. பியல், பதினேழு வயது. அவனை எங்கே புதைத்தார்கள் என்று கேட்டறியவில்லை. சோமாவதி. இருக்கிறாளா என்று தெரியாது. அதனால் அவளுக்கு விளக்கேற்றவில்லை.

எண்பத்து மூன்றில் எங்கள் வீட்டில் செத்தவர்கள் மூன்று பேர். இதுவரை கேட்டவர்களிடமெல்லாம் இரண்டு என்றே சொல்லி வந்தேன்.