சிறகில்லாத புழு

ஃபார்மலின் நாற்றம் மூன்று நாளில் பழகிவிடும். நீங்கள் கேட்பதால் சொல்கிறேன், எனக்கு அது பிடிக்கவும் பிடிக்கும்.

கோவில்பட்டியில் ஒரு கல்லூரியில் விலங்கியல் நடத்தினேன். ஆய்வகத்தில் ஃபார்மலின் ஜாடியில் இருந்தது ஒரே ஒரு ஏகார்ன் புழு, கடல் மணலுக்குள் வாழ்வது. தூத்துக்குடிக் கடற்கரையில் நானே தோண்டி எடுத்தது. முன்னால் துதிக்கை, அடுத்து கழுத்துப்பட்டை, பிறகு நீண்ட உடல். முதுகில் கல்லீரல் பைகள் புடைத்திருந்தால் டைகோடெரிடே குடும்பம். அந்தக் குடும்பத்தில் இது ‘பலனோகிளாசஸ்’ என்று லேபிள் எழுதியதும் நானே. செய்முறைத் தேர்வில் லேபிளை மறைத்து வைப்போம். பதினாறு வருடம் அந்தப் பெயரை எழுதியவர்களுக்கே மதிப்பெண் போட்டேன்.

1998 மார்ச்சில், தேர்வுக்கு முந்தின நாள், மூன்றாம் ஆண்டு வள்ளிமயில் ஜாடியோடு வந்து நின்றாள். ஓட்டப்பிடாரம் பக்கத்து மானாவாரி விவசாயி இசக்கியப்பனின் மகள்.

“சார், பலனோகிளாசஸுக்கு ரெண்டு பக்கமும் சதை சிறகு மாதிரி விரிஞ்சு இருக்கணும்லா? இதுல வெறும் வரப்பு மாதிரி மேடுதான் இருக்கு. குடும்பம் சரி சார், பேருதான் தப்பு. இது குளோசோபலானஸ்.”

பார்த்தேன். அவள் சொன்னது சரி. மறுநாள் வெளித்தேர்வாளர் வருகிறார். இவள் இதை எழுதினால் ஜாடியைக் கையில் எடுத்துப் பார்ப்பார். என் பேர் நாறிவிடும். எனக்கு எரிச்சலாக வந்தது.

அவள் போனதும் புழுவை வெளியே எடுத்து, வரப்பு இருந்த பகுதியைக் கட்டைவிரலால் நசுக்கினேன். லேசாக இழுத்தாலே அறுந்துபோகும் ஜாதி அது. அவள்தான் எடுத்து உடைத்தாள் என்று கல்லூரி முதல்வரிடம் சொன்னேன். அவளைத் தேர்வெழுத விடவில்லை.

ஒரு பேப்பர் போனாலும் படிப்பை நிறுத்தித் தீப்பெட்டி ஆபீசுக்கு அனுப்பிவிடுவேன் என்று இசக்கியப்பன் முன்பே சொல்லியிருந்தாராம். மகளை இழுத்துக்கொண்டு வந்தார்.

“சத்தியமா நான் ஒடைக்கலப்பா. சார்ட்ட கேளுங்க.”

“நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க சார். இவ ஒடச்சாளா?”

“ஆமா, ஒடச்சா.”

என் எதிரிலேயே அவளை அறைந்தார். பாவம், வெயிலில் வந்த மனுஷன். அவருக்குக் காப்பி வாங்கி வரச் சொன்னேன்.

ஐந்து வருடம் கழித்து கயத்தாறு பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். வலது கை முழங்கைவரை வெந்து சுருங்கியிருந்தது. தீப்பெட்டி ஆபீசில் தீக்குச்சி மருந்து பற்றிக்கொண்டதாம். எழுந்து எனக்கு இடம் கொடுத்தாள்.

“நல்லாருக்கீயளா சார்?” என்றாள். பிறகு, “அதுல சிறகு இருந்துச்சா சார்? நான்தான் சரியா பாக்கலையா?” என்று கேட்டாள்.

“இருந்துச்சும்மா. நீதான் சரியா பாக்கல.”

தலையாட்டினாள். மாணவியின் சந்தேகத்தைத் தீர்க்காமல் பஸ் ஏறுவது ஆசிரியருக்கு அழகில்லை.