நீலப் புகை

– அண்ணா, பானட்டுக்குள்ள தலையை விடாதே. தங்கச்சி ஒர்க் ஷாப்தானேன்னு உள்ள வந்ததும் நீயே மெக்கானிக் ஆயிடறே. தள்ளி நில்லு.

– இல்லடி குட்டி, காரை வாங்கறவர் சாயங்காலம் வர்றப்ப வண்டி இப்படிப் புகை விட்டுக்கிட்டு நின்னா மானம் போயிடும். அதுவும் நீலப் புகை. கணக்குப்படி பார்த்தா டர்போ காலி.

– அது சரி குட்டி. வாரத்துல அஞ்சு நாள் வண்டி யார்கிட்ட இருக்கு? உங்க அண்ணன்கிட்ட. சனி ஞாயிறு மட்டும்தான் என்கிட்ட வருது. அஞ்சு நாள்ல கெடாதது என் ரெண்டு நாள்ல கெட்டுடுச்சாக்கும்.

– உன்னை நான் ஒண்ணும் சொல்லலையே.

– சொல்லலை. பார்த்தீங்க.

– அண்ணி, இருங்க இருங்க. நீங்க ரெண்டு பேரும் தனித்தனியா இருக்கறது உங்க இஷ்டம். இங்க இருக்கறது ஒரே ஒரு பெஞ்சு. கொஞ்ச நேரம் அதுல சேர்ந்து உட்காருங்க, நான் ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கறேன்.

– கேட்டியா குட்டி? அந்த லேசான நடுக்கம் கோளாறு இல்ல. மூணு சிலிண்டர் அப்படித்தான் இருக்கும். ஒரு லிட்டர் கூட முழுசா கிடையாது, ஒரு சிசி குறைவு. அதுல நூத்திப் பத்து குதிரைசக்தி. டர்போ இல்லாத இதே அளவு இன்ஜின் எழுபதைத் தொடறதுக்கே மூச்சு வாங்கும். மேட்டுல மூணாவது கியர்ல போட்டு மிதிச்சா அப்படியே தள்ளிக்கிட்டுப் போகும்.

– ஆரம்பிச்சுட்டார். என்னைப் பத்தி யாராவது கேட்டா இவருக்கு இவ்வளவு விவரம் சொல்ல வராது.

– உனக்கு யாரும் கையேடு தரலையேம்மா, படிச்சுத் தெரிஞ்சுக்க.

– தந்திருந்தா கடைசிப் பக்கத்தை மட்டும் படிச்சிருப்பீங்க. வாரண்டி எப்ப முடியுதுன்னு.

– சிரிக்காதே குட்டி.

– உனக்கும் சிரிப்பு வருதில்ல? எனக்கு மட்டும் ஏன் வரக்கூடாது? சரி, ஆஃப் பண்றேன். கொஞ்சம் ஆறட்டும்.

– டர்போ போயிடுச்சுதானே?

– அவசரப்படாதே. ஆறின அப்புறம்தான் சொல்ல முடியும். சின்ன இன்ஜினை வச்சுப் பெரிய வேலை வாங்கறோம். உள்ள காத்தை அமுக்கித் தள்ற டர்போ நிமிஷத்துக்கு லட்சம் தடவைக்கு மேல சுத்துது. அதுக்கு இருக்கற ஒரே ஆதரவு ஆயில்தான். நல்ல ஆயிலை ஊத்தி, நேரத்துக்கு மாத்தினா வருஷக்கணக்கா உழைக்கும். கவனிக்கலைன்னா ஒரு நாள் நடுரோட்டுல கழுத்தறுக்கும்.

– அதைத்தான் வாங்கின அன்னிக்கே ஷோரூம்ல படிச்சுப் படிச்சுச் சொன்னாங்க. டர்போ வண்டி, ஆயில் கொஞ்சம் குடிக்கும், கண்ணு வச்சுக்கங்கன்னு. உங்க அண்ணன் எங்க கண்ணு வச்சார்?

– நான் வைக்கலையா? நீ வச்சியா?

– இருங்க இருங்க. ஆறுற வரைக்கும் ஒண்ணு கேக்கறேன். வீடு இப்ப அண்ணிக்கு, வாடகை ரூம் அண்ணனுக்கு. பாத்திரம் பண்டத்தைக்கூடப் பிரிச்சுக்கிட்டீங்க. இந்த வண்டியையும் வித்துட்டா உங்களுக்குள்ள பொதுவா மிச்சம் என்ன இருக்கு?

– நீ இருக்கியே.

– என்னை வாராவாரம் கைமாத்திக்க முடியாது அண்ணி. இந்த வண்டி இருக்கறதாலதான் வெள்ளிக்கிழமையும் ஞாயித்துக்கிழமையும் நீங்க ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்க்கறீங்க.

– பார்த்து என்ன ஆச்சு? சாவியைக் கொடுப்பார். பெட்ரோல் இருக்கும்பார். நான் தலையை ஆட்டுவேன். அவ்வளவுதான்.

– நீயும்தான் எதுவும் கேக்கறதில்ல.

– சரி, ஆறிடுச்சு. ஆயில் அளவு பார்க்கற குச்சியை எடுக்கறேன். ... அண்ணா, இங்க வா. இதுல யார் ஆயில் ஊத்தினது?

– ஏன், குறைவா இருக்கா? நான் அப்பவே நினைச்சேன்.

– குறைவா? மேல் கோட்டைத் தாண்டி எங்கயோ நிக்குது. குச்சி குளிச்சுட்டு வந்திருக்கு. அதிகமான ஆயில் இன்ஜினோட மூச்சுக்குழாய் வழியா ஏறி, டர்போ வழியா இன்ஜினுக்குள்ள போய் எரியுது. அதான் நீலப் புகை. பட்டினி கிடந்து வந்த நோய் இல்ல இது, ஊட்டி ஊட்டி வந்தது. யாருன்னு கேட்டேன்.

– நான்தான் கொஞ்சம் ஊத்தினேன். வெள்ளிக்கிழமை சாவி கொடுக்கறதுக்கு முன்னாடி பார்ப்பேன், குறைவா தெரியும். இன்னிக்குத்தான் போகல, மத்தபடி சனிக்கிழமை விடிஞ்சா இவ மலை ஏறி அவங்க அம்மாவைப் பார்க்கத் தனியாப் போறா. அந்த வளைவுல வண்டி நின்னா இவ என்ன பண்ணுவா? போன் கூட எடுக்காது அங்க.

– எங்க நிறுத்திப் பார்த்தே?

– ரூம் வாசல்லதான்.

– அந்த ஏத்தத்துலயா? அண்ணா, நூத்திப் பத்து குதிரையை எண்ணத் தெரியுது உனக்கு. சாய்ஞ்சு நிக்கற வண்டியில ஆயில் ஒரு பக்கமா ஒதுங்கிடும்னு தெரியலையா? சமதளத்துல நிறுத்திப் பார்க்கணும். இருந்தாலும் நீ ஒருத்தன் ஊத்தி இவ்வளவு வராதே. அண்ணி, ஏன் அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டீங்க?

– நானும்தான் ஊத்தினேன்.

– நீயா? உனக்கு பானட் திறக்கவே பிடிக்காதே.

– திறக்கக் கத்துக்கிட்டேன். ஞாயித்துக்கிழமை உங்ககிட்ட கொண்டு வர்ற வழியில, தெருமுனையில நிறுத்திப் பார்ப்பேன். எப்பவும் குறைவாத்தான் இருந்துச்சு. திங்கட்கிழமை விடியக்காலை ஷிஃப்ட்டுக்குப் போற மனுஷன். தூக்கக் கலக்கத்துல இதையெல்லாம் பார்ப்பாரா என்ன?

– நிறுத்தின கையோட குச்சியை எடுத்தீங்களா அண்ணி?

– ஆமா.

– அப்ப ஆயில் பாதி மேலயே நிக்கும். கீழ இறங்கி வர்றதுக்குப் பத்து நிமிஷமாவது பொறுக்கணும்.

– பத்து நிமிஷம் எப்படி நிக்கறது? இவர் வாசல்லயே நின்னு வழி பார்த்துக்கிட்டு இருப்பார். தேடிக்கிட்டு தெருமுனைக்கு வந்து என்னைப் பார்த்துட்டா?

– பார்த்தா என்ன இப்ப?

– அக்கறைன்னு நினைச்சுக்குவீங்க.

– பின்ன வேற என்ன அது?

– அக்கறைதான். அதை நீங்க தெரிஞ்சுக்கணுமா?

– அண்ணா, அந்தத் தட்டை இப்படித் தள்ளு. அடியில நட்டைக் கழட்டறேன். பாரு, எப்படிக் கொட்டுதுன்னு. ரெண்டு பேர் மனசுலயும் இருந்தது எல்லாம் இந்தப் பாவப்பட்ட இன்ஜின் வயித்துல. வாயைத் திறந்து ஒருத்தர்கிட்ட ஒருத்தர் சொல்லியிருந்தா இதுக்கு ஏன் இந்தக் கதி?

– டர்போ?

– ஒண்ணும் ஆகல. தண்டு ஆடல, இறக்கை உரசல. குழாயைத் துடைச்சு, புது ஆயில் அளவா ஊத்திட்டா முடிஞ்சது. மிச்சம் இருக்கற புகையும் கொஞ்ச தூரம் ஓடினா போயிடும். நல்ல வண்டி. தாராளமா விக்கலாம். வாங்கறவரைச் சீக்கிரமே வரச் சொல்லவா? ஏன் ரெண்டு பேரும் தரையைப் பார்க்கறீங்க?

– இல்ல, கணக்குப்படி பார்த்தா இதுக்குப் பாதி ஆயுசு கூட முடியல. இப்ப எதுக்கு விக்கணும்னு தோணுது.

– வண்டியைப் பத்தித்தானே சொல்றீங்க?

– வண்டியைப் பத்தியும்தான்.

– குட்டி, அந்த ஆளுக்கு போன் போட்டு வேண்டாம்னு சொல்லிடு. வீணா அலைய வேண்டாம்.

– சொல்லிடறேன் அண்ணி. அண்ணா, இன்னிக்கு சனிக்கிழமை, சாவி அண்ணிக்கு. நீ பஸ்ஸுல போயிடறியா?

– போயிடறேன். ஸ்டாப் பக்கத்துலதானே.

– ஏறுங்க.

– எதுக்கு? என் ரூம் எதிர்ப்பக்கம் இருக்கு. உனக்கு சுத்து.

– ரூமுக்கு யார் போறா? வீட்டுக்குப் போறோம்.

– அன்னிக்கு நீதானே என்னைப் போங்கன்னு சொன்னே.

– போங்கன்னுதான் சொன்னேன். வராதீங்கன்னு சொன்னேனா?