மருந்து பாஸாகும் வரை

புலாவ் செபாங்கிலிருந்து மலாக்கா போகும் பஸ். எனக்கு முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும். கணவருக்கு முடி தோளுக்குக் கீழே தொங்கியது. அந்த அம்மா தலையில் துணி கட்டியிருந்தார்.

"அரசாங்கம் பாஸ் பண்ற வரைக்கும் நான் முடி வெட்டமாட்டேன்லா," என்றார் அவர். அதற்கப்புறம்தான் காது கொடுத்தேன்.

"எனக்கு முடி கொட்டுனதுக்கு நீங்க எதுக்கு வளர்க்கணும்?"

"வேண்டுதல். உன் முடி வளர்ற மருந்து பாஸான மறுநாளே கோயில்ல மொட்டை."

"அது இன்னும் சோதனையிலதான் இருக்காம். பாஸானாலும் எல்லாருக்கும் வளராதுன்னு டாக்டர் சொன்னாரே."

"நான் பாஸாகட்டும்னு மட்டும்தான் வேண்டுனேன். மிச்சத்தை நீ வேண்டிக்க."

"ஃபேக்டரியில சிரிக்கலையா?"

"பின்னாலேருந்து பாத்துட்டு அக்கான்னு கூப்பிடுறானுங்க."

"நீங்க என்ன செய்வீங்க?"

"திரும்பிப் பாப்பேன். பழகிப்போச்சு."

அந்த அம்மா சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"போன்ல ஒரு எண்ணெய் விளம்பரம் வந்துச்சுங்க. தடவுனா உடனே வளருமாம். பொய்யின்னு தெரியும். தெரிஞ்சும் திரும்பத் திரும்பப் பாத்தேன்."

அந்த அம்மா கைப்பையிலிருந்து சீப்பை எடுத்தார்.

"சீப்பை இன்னும் வச்சிருக்கியா?"

"திரும்புங்க."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். பஸ் பாச்சாங் வருவதற்குள் பாதி பின்னியாகிவிட்டது.

"மெதுவாலா. அது சாமிக்கு நேந்த முடி."

"சாமி எடுத்துக்கிறப்ப எடுத்துக்கட்டும். அதுவரைக்கும் எனக்கு."